ஒரு சூட்கேஸ் நிறைய கலரு

போன மாசம் வீடு மாத்தினோம். சோழிங்கநல்லூர்ல இருந்து மேடவாக்கம். பரண்ல இருந்து சாமான் இறக்கும்போது ரூம்மேட் ஒரு நீல சூட்கேஸைத் தூக்கிட்டு, "என்னடா இது, இந்தக் கனம் கனக்குது?"ன்னான். "பழைய துணி மச்சி"ன்னு சொல்லி வாங்கி ஓரமா வெச்சேன். பச்சைப் பொய். உள்ள இருந்தது பூராவும் கலரு, பிரஷ்ஷு, பேப்பரு.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அதைத் திறந்து வெச்சுகிட்டு கணக்குப் போட்டேன். பழைய ஆர்டர் மெயிலெல்லாம் தேடி எடுத்து ஒரு எக்ஸெல் ஷீட்டு. பொட்டி தட்டறவன் புத்தி, செத்தாலும் போகாது. மொத்தம் 31 ஆயிரத்து சொச்சம் வந்துது. அதுல இன்னிக்கும் நான் கையில எடுக்கற சாமானுக்கு மட்டும் பச்சை அடிச்சேன். ஆறே ஆறு வரி. 2,800 ரூவா. மிச்சம் அத்தனையும் தண்டம் :-(

சரி, எல்லாத்தையும் சொல்லி அழுதா ஆறுதலா இருக்கும்னு தான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

ஸ்கூல்ல படிக்கறப்ப எங்க எல்லார்கிட்டயும் இருந்தது அந்த 12 வட்ட வில்லை வெச்ச கலர் டப்பா தான். கூடவே ஒரு பிரஷ். வரைஞ்சு முடிக்கறப்ப பிரஷ்ல இருந்த முடியில பாதி படத்துல ஒட்டியிருக்கும். வில்லையில தண்ணி விட்டு தேய் தேய்னு தேய்ச்சா தான் ஏதோ சாயம் மாதிரி ஒண்ணு வரும். டிராயிங் மாஸ்டர் என் சூரிய உதயத்தைப் பாத்துட்டு, "தம்பி, இது கெணத்துல விழுந்த ஆரஞ்சுப் பழமா?"ன்னு கேட்டார். கிளாஸே சிரிச்சுது. அன்னிக்கு மனசுல பதிஞ்சது இது தான்: தப்பு என் மேல இல்ல, கலர் சரியில்ல. நல்ல கலர் மட்டும் கிடைச்சிருந்தா அசத்தியிருப்பேன். இந்த நினைப்போடயே 15 வருஷம் ஓட்டி, கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்கும் சேந்துட்டேன்.

2020 மார்ச்ல ஊரடங்கு. லேப்டாப்பைத் தூக்கிகிட்டு ஊருக்கு வந்தாச்சு. எங்க வீடு காங்கேயத்துல. ஆனா நான் போய் உக்காந்தது அம்முச்சி வீட்டுல, ஊரை விட்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துக்குள்ள. (அம்முச்சின்னா அம்மாவோட அம்மா. எங்க பக்கம் அப்படித்தான். அம்மாவோட அப்பா, அப்புச்சி.) அங்க மொட்டை மாடியில டவர் நல்லா கிடைச்சுது. ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல யூட்யூப். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பிரஷ்ஷை நனைச்சு ரெண்டு இழுப்பு இழுக்கறாரு, அங்க ஒரு ஏரி வந்துருது. மூணாவது இழுப்புல மலை. நமக்கும் கை துறுதுறுன்னுச்சு. டெலிவரி ஆரம்பிச்சதும் ஆர்டர் மேல ஆர்டர்.

முதல்ல வந்தது 120 கலர் பென்சில் செட்டு. டப்பாவைத் திறக்கறப்ப வந்த சந்தோஷம் இருக்கே, அது மட்டும் நிஜம். வரைய ஆரம்பிச்சா, அதுல ஒரு 20 பச்சை, பேப்பர்ல எல்லாமே ஒரே பச்சை. ஒரு லேயருக்கு மேல இன்னொண்ணு ஏறவே மாட்டேங்குது, மெழுகு மாதிரி வழுக்குது. பென்சிலோட ஈயத்துல சாயத்தையும் மெழுகையும் எந்த அளவுல கலக்கறாங்கங்கறதுல தான் சூட்சுமமே இருக்கு, எண்ணிக்கையில இல்ல. நல்லதா 12 இருந்தா அதை ஒண்ணு மேல ஒண்ணு பூசியே 120 பண்ணிரலாம். இது அப்ப யாரு சொன்னா?

அப்புறம் 36 வாட்டர்கலர் செட்டு. மசக்கறதுக்குப் பதிலா சுண்ணாம்பு கரைச்ச மாதிரி காய்ஞ்சுது. இதுக்கும் காரணம் இருக்கு. வாட்டர்கலர்னா அடிப்படையில ரெண்டே சாமான்: நிறமி, அதைப் பிடிச்சு வெச்சுக்கற பிசின். பிசின், நம்ம வேலமரம் இருக்கே, அதோட ஒரு ஆப்பிரிக்க பங்காளியோடது. நிறமி தான் விலை. அதனால மாணவர் தரம்னு விக்கறதுல நிறமியைக் குறைச்சு, வெள்ளைப் பொடி ஏதாவது போட்டு நிரப்பிடுவாங்க. பேர்லயும் ஒரு தில்லாலங்கடி உண்டு. 'காட்மியம் ரெட்'னு பெருசா போட்டு பக்கத்துல பொடி எழுத்துல 'ஹ்யூ'ன்னு இருந்தா, உள்ள காட்மியமே இல்ல, அந்த நிறத்துக்குப் பக்கத்துல வர்ற வேற ஏதோன்னு அர்த்தம். சட்டப்படி தப்பில்ல. டீக்கடையில "பாதாம் சுவை பால்"னு எழுதறாங்கல்ல, அந்த மாதிரி.

பிரஷ் கதை சுருக்கமா சொல்லிடறேன். 15 பிரஷ் செட்டுல ஒண்ணுக்குக் கூட முனை கூடி நிக்கல. கோயமுத்தூர்ல ஒரு கடையில "இயற்கை முடிங்க, சூப்பரா தண்ணி நிக்கும்"னு மேசைக்கு அடியில இருந்து ஒண்ணு எடுத்துக் காட்டினார். என்ன முடின்னு கேட்டா, கீரி. கீரி முடி பிரஷ் விக்கறதும் வாங்கறதும் வனவிலங்கு சட்டப்படி குத்தம். வெச்சுட்டு வந்துட்டேன். வாங்காம வந்த ஒரே சாமான் அது தான். அப்புறம் மாஸ்கிங் ஃப்ளூயிட்னு ஒண்ணு. ரப்பர் பாலும் அமோனியாவும். மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும். வெள்ளையா விட வேண்டிய இடத்துல தடவி, கடைசியில உரிச்சு எடுக்கணும். உரிச்சேன். பேப்பரும் சேந்து உரிஞ்சு வந்துது. தொட்ட பிரஷ் ரப்பர் கட்டியாகி செத்துருச்சு. முன்னாடியே பிரஷ்ஷை சோப்புல முக்கி எடுத்துக்கணுமாம். போத்தல்ல எழுதல மகராசனுங்க.

ஆனா என்னை ரொம்ப நாள் ஏமாத்தினது பேப்பர் தான். 300 ஜி.எஸ்.எம். னு அட்டையில போட்டிருந்தா நல்ல பேப்பர்னு நம்பிட்டேன். ஜி.எஸ்.எம். கறது வெறும் எடை; ஒரு சதுர மீட்டர் பேப்பர் இத்தனை கிராம், அவ்ளோ தான். அது எதால ஆனதுன்னு அந்த நம்பர் சொல்லாது. மரக்கூழ்ல பண்ணின பேப்பர் தண்ணியை மேலயே வெச்சுகிட்டு, திட்டுத் திட்டா காயும். ஈரத்துல ரெண்டாவது தடவை தேய்ச்சா அழுக்கு உருள்ற மாதிரி உருண்டு வரும். பருத்தியில பண்ணினது தண்ணியைக் குடிச்சுகிட்டு, நமக்கு யோசிக்க நேரம் குடுக்கும். யூட்யூப் தாத்தா ரெண்டு இழுப்புல ஏரி வரைஞ்சதுல பாதிப் பெருமை அவர் பேப்பருக்குச் சேரணும். பருத்தின்னா நமக்கு என்ன தூரமா? பக்கத்துத் திருப்பூர்ல பனியன் வெட்டி மிச்சம் விழற துணி மூட்டை மூட்டையா கிடக்கும். அந்த மாதிரி பருத்திக் கழிவுல இருந்து தான் கைக்காகிதமே பண்றாங்க. அதை விட்டுட்டு ஒரு வருஷம் மரக்கூழோட மல்லுக்கட்டிகிட்டு, எனக்குக் கை வராதுன்னு நினைச்சுகிட்டு இருந்தேன்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் வாங்கின அன்னிக்கே பல்லைக் காட்டின சாமான். இப்ப சொல்லப் போறது அப்படி இல்ல. வாங்கினதுலயே என்னை சந்தோஷப்படுத்தினது அது ஒண்ணு தான்.

ஒரு ரோஸ் கலர் ட்யூப்.

2021 பிப்ரவரி. அம்முச்சியை வரையலாம்னு உக்காந்தேன். அப்ப ஓரளவுக்கு கை படிஞ்சிருந்துது. திண்ணையில முறத்தை மடியில வெச்சுகிட்டு துவரை பொடைக்கற மாதிரி. அம்முச்சிகிட்ட ஒரு ரோஸ் சீலை உண்டு, நல்ல நாளு கிழமைன்னா அது தான். அன்னிக்கு வேணும்னே அதை எடுத்துக் கட்டிகிட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சு சீவி, பூ வெச்சு வந்து உக்காந்துது. அந்த ரோஸுக்கு என்கிட்ட இருந்த 36லயும் ஒண்ணும் ஒத்து வரல. அதுக்குன்னே ஒரு ட்யூப் வாங்கியிருந்தேன். பிதுக்கினதும் கண்ணு கூசிச்சு. வெள்ளைப் பேப்பரை விட வெளிச்சமா ஒரு ரோஸ். போன்ல போட்டோ எடுத்தா அந்த நிறம் அதுல விழவே இல்ல, அவ்ளோ பளீர்.

பின்னாடி இருந்த ஜன்னல் கதவுக்கு அல்ட்ராமெரின் நீலம் அடிச்சேன். "இத்தனூண்டு டப்பா என்ன வெலை கண்ணு?"ன்னுச்சு. சொன்னேன். "அடப்பாவி, அப்புச்சி வேட்டிக்குப் போடற நீலப்பொடி மாரியே இருக்குது, அதுக்கா இத்தனை காசு?"

நான் சிரிச்சேன். அப்புறமா படிச்சா, அம்முச்சி சொன்னது அப்படியே சரி! அந்தக் கால சலவை நீலப்பொடி அல்ட்ராமெரினே தான். ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த ஒரு கல்லை அரைச்சுத் தான் அந்த நீலம் எடுத்தாங்க, தங்க விலை. 1820களோட கடைசியில பிரான்ஸ்ல அதையே செயற்கையா பண்ணக் கத்துகிட்டதும் விலை விழுந்து, கடைசியில வேட்டிக்கு வந்து சேந்துருச்சு.

படம் முடிஞ்சுது. அம்முச்சி ரொம்ப நேரம் பாத்துது. "நான் இத்தன செவப்பாவா இருக்கறன்?"னுச்சு. அவ்ளோ தான் விமர்சனம். ஆனா அடுத்த வாரமே அப்புச்சியைக் காங்கேயத்துக்கு அனுப்பி கண்ணாடி ஃப்ரேம் போட்டு, ஆசாரத்துல வாசலுக்கு நேர் எதிரா மாட்ட வெச்சுது. வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம், "எம் பேரன் கையால எழுதுனது"ன்னு ஒரே பீத்தல். காலையில கிழக்கு ஜன்னல் வழியா வெயில் நேரா அது மேல தான் விழும். பாக்க அவ்வளவு அழகா இருக்கும்.

2022 கடைசியில அம்முச்சி போயிருச்சு. தூக்கத்துலயே. பூவும் பொட்டுமா போயிருச்சுன்னு சொந்தக்காரங்க எல்லாம் அதையே ஒரு ஆறுதலா சொல்லிகிட்டாங்க. மாலை போடறதுக்கு ஒரு போட்டோவைப் பெருசு பண்ணி வெச்சாங்க. என் படம் அது இருந்த இடத்துலயே இருந்துது. அந்தக் கூட்டத்துல நான் அதை நிமிந்து பாக்கவே இல்ல.

ஒரு வருஷம் கழிச்சு திதிக்குப் போயிருந்தேன். காலையில காப்பி குடிச்சுகிட்டு ஆசாரத்துல உக்காந்திருக்கறப்ப அப்புச்சி பக்கத்துல வந்து உக்காந்தார். அவருக்கு 80க்கு மேல. படத்தைப் பாத்துகிட்டே மெதுவா கேட்டார்.

"ஏஞ்சாமி, நான் உசுரோட தான இருக்கறேன்? எதுக்கு அவளுக்கு வெள்ளைச் சீலை கட்டி உட்டிருக்கறே?"

எனக்குப் புரியல. நிமிந்து பாத்தேன். ரோஸ் இல்ல. முகம் அப்படியே இருக்கு, முறம் இருக்கு, பின்னாடி நீல ஜன்னல் அன்னிக்கு அடிச்ச மாதிரி இருக்கு. சீலை மட்டும் வெளுத்து, பழைய வேட்டி நிறத்துல, மடிப்புக்குப் போட்ட நிழல் மட்டும் சாம்பலா நிக்குது. எங்க பக்கத்துல வயசானவங்க வெள்ளைச் சீலை கட்டினா அதுக்கு ஒரே அர்த்தம் தான். அந்த மனுஷன் ஒரு வருஷமா தினமும் காலையில எந்திரிச்சு இதைத் தான் பாத்துகிட்டு இருந்திருக்கார். யார்கிட்டயும் சொல்லல.

"கலர் போயிருச்சுங்க அப்புச்சி"ன்னேன். வேற என்ன சொல்றது?

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையா அந்த ட்யூப்பை எடுத்துப் பாத்தேன். நல்ல கலர் ட்யூப்ல உள்ள என்ன நிறமின்னு ஒரு குறியீடு இருக்கும். அல்ட்ராமெரின்னா பி.பி. 29. முகத்துக்கு நான் போட்ட மண் நிறம், பி.பி.ஆர். 7. கூடவே வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும்னும் போட்டிருப்பாங்க. அமெரிக்கத் தரக்கணக்குல 1, 2 னு இருந்தா நம்பலாம், அதுக்கு மேல போகப் போக ஆபத்து. என் ரோஸ் ட்யூப்ல ஒண்ணுமே இல்ல. ஒரு பூ படம் இருந்துது. ரெண்டு வருஷம் என் மேசை மேலயே கிடந்திருக்கு, ஒரு தடவை திருப்பிப் படிச்சிருந்தா போதும்.

அந்த மாதிரி கண்ணைக் கூசற ரோஸ் எல்லாம் ஒளிரும் சாயம். நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கி, அதை வெளிச்சமா திருப்பிக் குடுக்கும். அதனால தான் பேப்பரை விடப் பளீர்னு தெரியும். அப்படி வாங்கி வாங்கியே மூலக்கூறு உடைஞ்சும் போயிரும். எதால மின்னுதோ அதாலயே சாகுது. கொஞ்சம் நல்ல கம்பெனின்னா அடியில பி.ஆர். 122 னு ஒரு கெட்டியான நிறமியைக் கலந்திருப்பாங்க. சாயம் போனாலும் ஒரு மங்கின ரோஸாவது மிஞ்சும். எனக்கு அதுவும் மிஞ்சல. ஃப்ரேம் கண்ணாடியும் காப்பாத்தாது, சாதாக் கண்ணாடி வழியா வர்ற வெளிச்சமே போதும்.

இதெல்லாம் புதுசும் இல்லயாம். 1888லயே இங்கிலாந்துல ரஸ்ஸல், ஆப்னின்னு ரெண்டு பேரு வாட்டர்கலரை வெளிச்சம் என்ன பண்ணுதுன்னு ஆராய்ஞ்சு அரசாங்கத்துக்கு அறிக்கையே குடுத்திருக்காங்க. வான்கோ 1890ல வரைஞ்ச ரோஜாக்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. இப்ப வெள்ளை ரோஜா. வரையறப்ப ரோஸ் நிறம். அவர் வாங்கின சிவப்பும் இதே கதை தான், இயோசின்னு ஒரு சாயம். அந்தச் சாயம் நிக்காதுன்னு தெரிஞ்சே வாங்கினவர் அவர். நான் தெரியாம வாங்கினவன். அவ்வளவு பெரிய ஆளோட என்னைச் சேத்துப் பேசிக்கறதுக்கு இது ஒண்ணு தான் சாக்கு.

நம்பாதவனா ஒரு டெஸ்டும் பண்ணினேன். அஞ்சு கலரைப் பட்டை பட்டையா அடிச்சு, பாதியைக் கறுப்பு அட்டையால மூடி, மேற்குப் பாத்த ஜன்னல்ல ஒட்டினேன். மூணு வாரத்துல அந்த ரோஸ் பாதி காலி. மூணு மாசத்துல வெறும் பேப்பர். அலிசரின் கிரிம்சன்னு பேர் பெத்த சிவப்பும் லேசா அடிச்ச இடத்துல இறங்கியிருந்துது. (நம்ம ஊர் சாயவேர்ல இருக்கறதும் அதே அலிசரின் தான், படிகாரத்தோட சேந்து துணியில ஏறினா கெட்டியா நிக்கிறது, பேப்பர்ல மெல்லிசா பூசினா நிக்க மாட்டேங்குது.) நீலம், மண் நிறம், அப்புறம் பி.வி. 19 னு ஒரு ரோஸ்... மூணும் அசையல. அட்டையைத் தூக்கிப் பாத்தா கோடே தெரியல.

அடுத்த பொங்கலுக்கு அந்த பி.வி. 19 ட்யூப்போட ஊருக்குப் போனேன். படத்தைக் கழட்டி, பின்னாடி ஆணியெல்லாம் பிடுங்கி, மவுண்ட் அட்டையை எடுத்தேன். சீலையோட கீழ் ஓரம், அட்டைக்கு அடியில மறைஞ்சிருந்த இடம், அரை விரல் அகலத்துக்கு... அதே ரோஸ். அன்னிக்கு பிதுக்கின மாதிரியே, கண்ணு கூசற மாதிரி. அப்புச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுகிட்டு குனிஞ்சு பாத்தார். விரலை வெச்சு அந்தப் பட்டையை ஒரு தடவை தடவினார்.

"இது தான் அவ சீலை"ன்னார்.

அந்தப் பட்டையை விட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும் பூசினேன். பேப்பர் அந்தப் பழைய மரக்கூழ் பேப்பர் தான், ரெண்டு தடவை தேய்ச்சா உருண்டுரும்னு கை நடுங்குது. வேற பேப்பர்ல பத்து தடவை பழகிட்டு, அகலமான பிரஷ்ல ஒரே இழுப்பு. காய விட்டு இன்னொரு இழுப்பு. அப்புச்சி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம பாத்துகிட்டு இருந்தார். பழைய நிறம் வரல. அதை விடக் கொஞ்சம் அடங்கின ரோஸ், நாலஞ்சு தடவை துவைச்ச சீலை மாதிரி. "போதும் சாமி, இதே போதும்"னார்.

படத்தை உள் ரூமுக்கு மாத்தலாம், வெயில் படாதுன்னு சொன்னேன். "அங்க மாட்டுனா அவளுக்கு வாசல் தெரியாது"ன்னுட்டார். மறுபடியும் அதே ஆணியில தான் தொங்குது. சரி, ஜன்னலுக்காவது ஒரு திரை இருக்கட்டும்னு காங்கேயம் போய் கெட்டித் துணியில தைச்சு வாங்கிட்டு வந்து மாட்டிட்டுத் தான் பஸ் ஏறினேன்.

நேத்து அம்மா போன் பண்ணினாங்க. அப்புச்சி காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அந்தத் திரையை ஒதுக்கி விட்டுடறாராம்.